காப்புக்கு வெளியே முடைந்த கொட்டான்கள்

என் மனைவி செல்வராணிக்குக் கொட்டான், அதாவது சின்ன ஓலைக் கூடை, முடைய வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பனை ஓலையை வைத்து ஊரில் பத்துப் பன்னிரண்டு பெண்களுக்குச் சொந்தச் சம்பாத்தியத்துக்கு வழி பண்ணியவள் என்று யாராவது சொன்னால், பெரிய கைவேலைக்காரி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வீர்கள். அவள் தன் கையால் முடைந்தது ஒரே ஒரு கொட்டான்தான். எங்கள் அடுப்படியில் பூண்டு போட்டு வைத்திருக்கிறோம். தண்ணி போட்டுவிட்டு வந்தவன் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்கும்.

பிறகு எதற்கு அவளுக்கு இந்த வேலை? பாங்க் மேனேஜர் இதையே கேட்டபோது, "பொம்பளைங்க கையில நாலு காசு இருந்தாத்தான் சார் பேச்சுக்கு மதிப்பு" என்றாள். மகளிர் குழுக் கூட்டத்தில் கேட்டவர்களிடம், "பனை மரம் சும்மாதானே நிக்குது" என்றாள். நான் கேட்டபோது, "ஒங்க மூஞ்சியவே எம்புட்டு நேரம் பாத்துக்கிட்டு இருக்கிறது?" என்றாள். இதில் எது உண்மை என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. மூன்றாவதாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம்.

என் பெயர் ஆத்மநாதன். குட்டி யானை ஓட்டுகிறேன். சின்ன லோடு வண்டிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். ஆவுடையார்கோயிலுக்கும் மணமேல்குடிக்கும் நடுவில் எங்கள் ஊர். செல்வராணி மணமேல்குடிப் பெண், அவள் அப்பா கருவாட்டு வியாபாரி. கட்டிக்கொண்டு வந்த புதிதில் நாற்றுக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியாமல் களை எடுக்கப் போய், நாற்றைப் பிடுங்கிவிட்டு வந்தவள். வாய் மட்டும் அப்போதே வேலைக்குத் தயாராக இருந்தது.

கஜா புயலில் எங்கள் சுற்றுவட்டாரத்துத் தென்னையெல்லாம் படுத்துவிட்டது. தேங்காய் பொறுக்கவும் மட்டை உரிக்கவும் போய்க்கொண்டிருந்த பெண்கள் வீட்டோடு கிடந்தார்கள். ஆனால் கண்மாய்க் கரையில் பனைகள் அப்படியே நின்றன. ஊரில் எல்லாரும் விழுந்த மரத்தைப் பார்த்து அழுதுகொண்டிருக்க, இவள் நின்ற மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி முடையத் தெரிந்த மருதாயியை, கையைப் பிடித்து இழுத்து வந்து நாலு பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தாள். இவள் செய்ததெல்லாம் வாய் வேலை. எங்கே விற்கும், யார் வாங்குவார்கள், என்ன சாயம், யார் வீட்டில் யாருக்குச் சண்டை, யாரை யார் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது. அதுவும் ஒரு வேலைதான் என்று எனக்குப் புரிய வெகுநாள் ஆனது.

நான் சொல்ல வந்தது ரம்யா விஷயம்.

ரம்யா என் பங்காளி மகன் வசந்தின் மனைவி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரி மோதி வசந்த் போய்ச் சேர்ந்துவிட்டான். சின்ன வயசு. ரம்யாவும் ஒரு பெண் குழந்தையும் மிச்சம். அழுது ஓய்ந்த கொஞ்ச நாளில் செல்வராணி அவளை ஓலைக்கு முன்னால் உட்கார வைத்தாள். கை அப்படி ஒரு வேகம். பேச்சுதான் கிடையாது.

போன சித்திரையில் திருப்பூரிலிருந்து அவள் அண்ணன் அருள்மணி வந்தான். நல்ல பையன். அவன் நல்ல பையனாக இருந்ததுதான் தொல்லையே. கெட்டவனாக இருந்தால் விரட்டிவிடலாம்.

"தங்கச்சியத் தனியா விட்டுட்டு எனக்குச் சோறு எறங்கல மாமா. பள்ளிக்கூடம் தொறக்குறதுக்குள்ள கூட்டிட்டுப் போயிருவேன். பனியன் கம்பெனில வேலை இருக்கு. எங்க வீட்டோட இருந்துக்கட்டும்" என்றான்.

அன்றைக்கு ரம்யா எங்கள் வீட்டுக்கு ஓடி வந்து செல்வராணியின் மடியில் விழுந்தாள். "நான் திருப்பூருக்குப் போக மாட்டேன் அத்தை. அண்ணி வீட்ல போயி, எனக்கு வேணும்ங்கிறத ஒவ்வொண்ணாக் கேட்டுக்கிட்டு நிக்க முடியாது" என்று அழுதாள்.

செல்வராணிக்கு அவ்வளவு போதும். நேரே போய் அருள்மணியிடம் நின்றாள்.

"ஒன் தங்கச்சி சொந்தக் கால்ல நிக்கிறான்னு காட்டிட்டா என்ன செய்வ?"

"காட்டுங்க அத்தை. நான் பேசாம ஊருக்குப் போயிருவேன்" என்றான் அவன்.

காட்டுவதற்கு வழியும் தானாக வந்தது. திருமயம் பக்கத்து மீனாள் ஆச்சி போன் செய்தார். குடும்பத்தோடு சென்னையில் இருப்பவர். பூர்வீக வீட்டை விசேஷத்துக்குத்தான் திறப்பார்கள். வைகாசியில் மகள் கல்யாணம், வருகிறவர்களுக்குத் தாம்பூலம் வைத்துக் கொடுக்க ஐந்நூறு கொட்டான் வேண்டும் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. பழைய ஓலை மஞ்சளடித்திருக்கும், மங்கல காரியத்துக்கு ஆகாது, எல்லாம் புதுக் குருத்தாக வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும்.

செல்வராணி யாரையும் கேட்காமல் சரி என்றாள். கூலியில் பெரிய பங்கு ரம்யாவுக்கு, ரம்யா வீட்டிலேயே எல்லாரும் உட்கார்ந்து முடைவது என்று ஏற்பாடு. வேலை ஓடியது. பாதிக் கொட்டான் முடிந்திருக்கும். அப்போதுதான் ஊர் ஒற்றுமையாகிவிட்டது.

சிரிக்காதீர்கள். எங்கள் ஊர் மாரியம்மனுக்குத் திருவிழா நடந்து வெகு வருஷமாகிறது. முதல் மரியாதை யாருக்கு என்று இரண்டு கூட்டத்துக்குச் சண்டை, கோயில் பூட்டு, கேஸ். அது தீரும் என்று யாரும் கனவில்கூட நினைக்கவில்லை. திடீரென்று ஒரு நாள் தாசில்தார் ஆபீஸில் சமாதானம் பேசி, கை குலுக்கி, டீ குடித்துவிட்டு வந்துவிட்டார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டு என்று மைக் செட்டு கட்டிய ஆட்டோ தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனது. ஊரே வெடி போட்டது. என் வீட்டில் மட்டும் ஒருத்தி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊர் எல்லைக்குள் பச்சை மரம், செடி, கொடி எதையும் வெட்டக் கூடாது. உலக்கை போடக் கூடாது. தாளிக்கக் கூடாது. வெளியூர் போனால் பொழுது சாயத் திரும்பிவிட வேண்டும், ராத் தங்கக் கூடாது. பச்சை வெட்டக் கூடாது என்றால் குருத்து வெட்ட முடியாது. முன்னாலேயே வெட்டி வைத்தால் மஞ்சளடித்துவிடும். குருத்து இல்லையென்றால் கொட்டான் இல்லை. காப்பு அவிழ்ப்பதற்குள் ஆச்சி வீட்டுக் கல்யாணமே முடிந்துவிடும்.

"இம்புட்டு வருஷம் அடிச்சுக்கிட்டானுங்களே, இன்னும் ஒரு மாசம் அடிச்சுக்கிட்டா என்னவாம்?" என்றாள் செல்வராணி. சொல்லிவிட்டு உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா, மன்னிச்சிரு."

எனக்கும் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. திருவிழாவுக்குப் பந்தல் சாமான் ஏற்ற என் வண்டிக்குத்தான் வாடகை பேசியிருந்தார்கள்.

இனிமேல் நடந்ததெல்லாம் ஒரே குழப்பம். மருதாயி, "குருத்து மரத்தோட சேந்ததா, சேராததா? வளந்து விரிஞ்சாத்தானே எலை" என்றாள். பக்கத்தில் இருந்தவள், "கருவுல இருக்கிற புள்ளய வெட்டுனா மட்டும் பாவம் இல்லையாக்கும்?" என்றாள். அதோடு மருதாயிக்கே முகம் செத்துவிட்டது. குருத்து வெட்டித் தருகிற மரமேறி, "எனக்கு வம்பு வேணாம் தாயி" என்று அரிவாளைக் கழுவிச் செருகிவிட்டார்.

செல்வராணி என்னையும் இழுத்துக்கொண்டு கண்ணுசாமி அம்பலத்திடம் போனாள். ஊர்ப் பெரியவர் அவர்தான். "வெளியூர்ல வெட்டுன ஓலைய உள்ள கொண்டாந்து முடையலாமாய்யா?" என்று கேட்டாள்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். "வெட்டக் கூடாதுன்னுதான் காப்புச் சாட்டு. கொண்டாரக் கூடாதுன்னு நான் கேள்விப்பட்டதில்ல. எதுக்கும் பூசாரியக் கேட்டுக்க."

பூசாரி, "கொண்டாரலாம். ஆனா ஓலைய நரம்பெடுத்துக் கிழிக்கிறது வெட்டுறதுல சேருமான்னு தெரியல. அம்பலத்தக் கேட்டுக்கம்மா" என்றார்.

மறுபடி அம்பலம். அவருக்கும் அது தெரியவில்லை. திருவிழாவே நடக்காமல் போனதில் சட்டதிட்டமும் பாதி மறந்துவிட்டது. தெரியாததை ஒப்புக்கொள்ளவும் பெரியவர்களுக்கு மனசில்லை. கடைசியில், "எல்லைக்குள்ள எதுவும் வேணாம் ஆத்தா. நாளைக்கு ஊருக்கு ஒண்ணுன்னா ஒன்னயத்தான் சொல்லுவாக" என்றார். அது மிரட்டலா, அக்கறையா என்று வீடு வரும்வரை இரண்டு பேரும் பேசினோம். முடிவு தெரியவில்லை.

ஆனால் "எல்லைக்குள்ள" என்ற ஒரு சொல்லை அவள் பிடித்துக்கொண்டாள். கண்மாயில் மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்கோடு எங்கள் ஊர் எல்லை முடிகிறது. கலுங்கைத் தாண்டினால் அடுத்த ஊர். அங்கே ஜெரால்டு டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் பெரிய தகரக் கொட்டகை. செல்வராணி போய்க் கேட்டதும், "பழைய டயரையெல்லாம் ஒதுக்கித் தாரேன். எங்க சர்ச் தேருக்கு லைட்டு புடிக்க ஒங்க ஊர்ப் பயலுகதானே வர்றானுங்க" என்றார்.

நான் மணமேல்குடிப் பக்கம் போய் என் மச்சினன் தோப்பில் குருத்து வெட்டி ஏற்றிக்கொண்டு வந்து, எல்லைக்கு அந்தப் பக்கமே இறக்குவேன். பெண்கள் காலையில் கஞ்சி குடித்துவிட்டுக் கலுங்கைத் தாண்டிப் போவார்கள். டயருக்கும் கிரீஸ் வாடைக்கும் நடுவில் உட்கார்ந்து முடைவார்கள். பொழுது சாய்வதற்குள் ஊருக்குள் வந்துவிடுவார்கள். உடம்பில் ஒட்டியிருக்கும் ஓலைத் தூசியைக்கூடக் கலுங்கடியில் தேங்கிக் கிடந்த தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் வருவார்கள். அம்மனை ஏமாற்றுகிறார்களா, அம்மனுக்குப் பயப்படுகிறார்களா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

இதில் செல்வராணிதான் அதிகமாகத் தவித்தாள். அவளுக்கு அம்மன் மேல் உண்மையான பக்தி. காலையில் கோயிலில் நின்று, "தப்புன்னா எங்கிட்ட மட்டும் கேளு, அந்தப் பொண்ணுங்ககிட்டக் கேக்காத" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் கலுங்குக்குப் போவாள்.

ஒரு மத்தியானம் சூறைக்காற்று வந்து கோயில் பந்தலைப் பிய்த்து எறிந்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் டீக்கடையில் பேச்சு கிளம்பியது. அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் செல்வராணி நடந்தபோது பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மறுநாள் கொட்டகைக்குப் பாதிப் பேர் வரவில்லை. மருதாயியும் வரவில்லை.

"எனக்குப் பயமா இருக்குங்க. நெசமாவே நாந்தான் காரணமோ?" என்றாள் என்னிடம்.

எனக்குக் கோபம்தான் வந்தது. "ஒரு புள்ள இங்க இருக்கணும்ங்கிறதுக்காக ஊரையே எதுக்குடி இழுத்து விட்ட?" என்றேன்.

"அவ ஒருத்திக்காகத்தான். அவளையே நிறுத்த முடியலன்னா, ஒன் சம்பாத்தியம் ஒனக்குன்னு மத்தவளுககிட்ட நான் சொன்னதெல்லாம் வெறும் பேச்சுதானே?" என்றாள். மறுபடி ஓலை ஏற்றப் போனேன்.

அதற்கடுத்த நாள் மருதாயி தூக்குச்சட்டியோடு வந்து சேர்ந்தாள். "வீட்ல இருந்து பாத்தேன். ஆத்தா கோவமா இருக்காளா இல்லையான்னு ஒண்ணும் தெரியல. எம் மகந்தான் கோவமா இருந்தான், சும்மா ஒக்காந்து தின்னுறேன்னு. அதுக்கு இதுவே மேலு" என்று உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள்.

இத்தனை கூத்துக்கும் ரம்யா ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்த தலை நிமிராமல் முடைந்தாள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கொட்டகைக்குப் பின்னால் போய் யாரிடமோ போனில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருப்பாள். அண்ணனைச் சமாதானப்படுத்துகிறாள் என்று செல்வராணி சொன்னாள். நானும் நம்பினேன்.

கொட்டான்கள் முடிந்தன. நானே திருமயம் பக்கம் கொண்டுபோய் இறக்கினேன். மீனாள் ஆச்சி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "பால் மாதிரி இருக்கு" என்றார். கூலியை அவரவர் கணக்கிலேயே போட்டுவிட்டார். அம்மன் திருவிழாவும் நல்லபடியாக முடிந்தது. காப்பு அவிழ்த்த அன்றைக்கு ஒரு மழையும் பெய்தது. இப்போது டீக்கடையில் அந்த மழைக்குக் காரணம் யார் என்று பேச்சு. அதற்குச் செல்வராணி பெயரை யாரும் சொல்லவில்லை.

சொன்னபடி பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் அருள்மணி மறுபடி வந்தான். செல்வராணி புதுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்பினாள். நானும் பின்னாலேயே போனேன். ரம்யா வீட்டு வாசலில் பேச்சு ஆரம்பமானது.

"பாத்தியா தம்பி? ஒன் தங்கச்சி யாரு கையையும் எதிர்பாக்க வேணாம். இங்கயே ராணி மாதிரி இருப்பா" என்றாள் செல்வராணி.

"சரி அத்தை, நான் ஒத்துக்கிறேன். ஆனா அடுத்த மாசம் ஆர்டர் இல்லன்னா?"

"நான் எதுக்கு இருக்கேன்?"

"எத்தன நாளைக்கு அத்தை ஒங்களையே…"

"செத்த நிறுத்துறீங்களா ரெண்டு பேரும்?" என்றாள் ரம்யா.

அவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. அருள்மணி வாயை மூடிக்கொண்டான். செல்வராணியும் மூடிக்கொண்டாள், அது அதைவிட அதிசயம்.

"நான் திருப்பூருக்கு வரல அண்ணே. இங்கயும் இருக்கப் போறதில்ல. புதுக்கோட்டைல நர்சிங் உதவியாளர் படிப்புக்குச் சேந்துட்டேன். கல்யாணத்துக்கு முன்னாடி பாதில விட்டது. கூடப் படிச்ச வனிதாகிட்ட போன்ல பேசி, அவ வீட்டு மாடில ரூம் சொல்லியாச்சு. பாப்பாவுக்கும் பக்கத்துலயே பள்ளிக்கூடம் இருக்கு."

செல்வராணி அவள் பக்கம் திரும்பினாள். "ஒன்ன இங்க இருக்க வைக்கத்தானேடி இம்புட்டும் செஞ்சோம்?"

"நான் இங்க இருக்கணும்னு ஒங்ககிட்ட எப்ப அத்தை சொன்னேன்?"

நான் மனசுக்குள் பின்னால் போய்த் தேடிப் பார்த்தேன். திருப்பூருக்குப் போக மாட்டேன் என்று அழுதாள். அவ்வளவுதான். அங்கே போக மாட்டேன் என்றால் இங்கே இருப்பேன் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டது நாங்கள். இரண்டு ஊரைத் தவிர மூன்றாவது ஊர் ஒன்று இருக்கும் என்று எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவே இல்லை.

"இந்த வாசல்ல நின்னா அவரு வண்டி எடுத்துட்டுப் போன சத்தந்தான் கேக்குது அத்தை. தெனமும் கேக்குது. ஒங்ககிட்ட எப்படிச் சொல்றது? ஊரையே எதுத்துக்கிட்டு எனக்காக நிக்கிறீங்க" என்றாள். இப்போது அவள் குரல் உடைந்துவிட்டது. "நீங்க எனக்காகத்தானே செஞ்சீங்க? அந்தக் கூலி கையில இருக்கிறதாலதான் யாருகிட்டயும் காசு கேக்காம இப்பப் போக முடியுது."

செல்வராணி ரம்யாவின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு அடிக்கப் போகிறவள் மாதிரி கையை ஓங்கி, முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அருள்மணி என் பக்கத்தில் வந்து மெதுவாக, "மாமா, இப்ப நான் கோவப்படணுமா வேணாமா?" என்று கேட்டான். எனக்குத் தெரிந்தால் சொல்லமாட்டேனா?

வீட்டுக்குத் திரும்பும்போது செல்வராணி வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். "நான் எதுக்குங்க அழுகுறேன்?" என்று என்னையே கேட்டாள். கொஞ்ச தூரம் போனதும், "கழுதைக்கு எம்புட்டு நெஞ்சழுத்தம் பாருங்க, ஒரு வார்த்தை சொல்லல" என்று திட்டினாள். இன்னும் கொஞ்ச தூரத்தில், "ஆனாலும் கெட்டிக்காரி" என்றாள். எங்கள் தெரு வருவதற்குள் மறுபடி அழுகை. நான் எதைச் சொன்னாலும் தப்பாகும் என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

ரம்யாவின் சாமான்களை என் வண்டியில்தான் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனேன். செல்வராணியும் வந்தாள். மாடி ரூமைக் கூட்டிப் பெருக்கி, அடுப்பு வைக்க இடம் சரியில்லை என்று வனிதாவின் மாமியாரிடம் சண்டை போட்டு, பிறகு அவளிடமே ஒரு குடம் தண்ணீர் வாங்கி வைத்துவிட்டு இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு கொஞ்ச நாள் அவள் ஓலைப் பக்கமே போகவில்லை. இதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். போன வாரம் மேலத்தெருவில் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்து, "எனக்கும் ஓலை முடையச் சொல்லித் தாரீங்களா அத்தை? கைச் செலவுக்கு ஆகும்" என்று கேட்டாள்.

வழக்கமாக இந்தக் கேள்விக்குச் செல்வராணி அன்றைக்கே மருதாயியிடம் இழுத்துக்கொண்டு போய்விடுவாள். அன்று அப்படிப் போகவில்லை. அந்தப் பெண்ணைப் பிடித்து எதிரே உட்கார வைத்தாள்.

"மொதல்ல நீ சொல்லு. ஒனக்கு எங்கிட்டுப் போகணும்?"

"எங்கயும் போகல அத்தை. இங்கதான்."

"அது நாங்க சொல்றது. நீ யோசிச்சுச் சொல்லு. நாளைக்கு வா."

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்து என்ன செய்ய?